சிசுவின் இடுப்பும் ஆல்ஃபா கோணமும்

பிறந்து ஆறு வாரமே ஆன குழந்தையின் இடுப்பை ஸ்கேன் செய்து, 'இடப்பக்கம் ஆல்ஃபா 56 டிகிரி' என்று எழுதித் தரும் காகிதத்தைக் கண்டு தாய் கலங்குவது இயற்கையே. ஆயினும் குழந்தையின் வயதோடு சேர்த்து வாசிக்கும் வரையில் அந்த எண்ணுக்குப் பூரணமான அர்த்தம் கிடையாது.

தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழியிலே கிண்ணத்தில் வைத்த பந்துபோல் அமர்ந்து சுழல்கிறது. சிசுப் பருவத்தில் அந்தத் தலை முழுவதும் குருத்தெலும்பாகவே இருப்பதாலும், அதனுள் எலும்புக் கரு தோன்றச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆவதாலும், எக்ஸ்ரே படத்தில் அது புலப்படுவதில்லை. ஒலியலைகளோ குருத்தெலும்பை எளிதில் ஊடுருவிச் செல்லும். இந்தக் குணத்தைப் பயன்படுத்தி, ஆஸ்திரிய எலும்பு வைத்தியர் ரைன்ஹார்ட் கிராஃப் 1980-இல் தம் பரிசோதனை முறையை வெளியிட்டார். 1992-இல் அந்நாடு அதைக் குழந்தைகள் எல்லோருக்கும் உரியதாக்கியது.

குழியின் எலும்புக் கூரை எவ்வளவு சரிவாக இருக்கிறது என்பதையே ஆல்ஃபா கோணம் தெரிவிக்கிறது. 60 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் மூட்டு முதிர்ந்துவிட்டது. 50 முதல் 59 வரை இருந்து, குழந்தைக்குப் பன்னிரண்டு வாரம் நிரம்பாதிருந்தால், அது நோயன்று, வளர்ச்சியின் ஒரு கட்டம். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சீர்படும், எனினும் மறுபடி ஸ்கேன் செய்து அதை நிச்சயப்படுத்திக்கொள்வது அவசியம். அதே 56 டிகிரி பன்னிரண்டு வாரம் கடந்த பின்னும் மாறாதிருந்தால், வளர்ச்சி பின்தங்கிவிட்டது என்று பொருள். 50-க்குக் கீழே இறங்கினால் வயதைக் காரணம் காட்டிக் காத்திருத்தல் தகாது. 43-க்கும் குறைந்தாலோ தலை குழியைவிட்டு விலகியிருக்கிறது.

அளப்பவர் கை மாறினால் இரண்டொரு டிகிரி வேறுபடுவது உண்டாகையால், எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணை மட்டும் நம்பி அஞ்சுவதும் அலட்சியம் செய்வதும் சரியல்ல என்பது என் அபிப்பிராயம். பிட்டம் கீழாகக் கருவில் இருந்த குழந்தைக்கும், குடும்பத்தில் இந்த இடுப்பு மூட்டுக் குறை உள்ள குழந்தைக்கும், பெண் குழந்தைக்கும் அபாயம் அதிகம். கால்களை நேராக நீட்டித் துணியால் இறுகச் சுற்றுவதும் கெடுதலே.

சிகிச்சைக்கு, செக் நாட்டு வைத்தியர் அர்னால்ட் பாவ்லிக் வகுத்த வார்ப்பட்டை பெரும்பாலும் போதும். தொடைகளை மடக்கி அகற்றி வைத்துத் தலையைக் குழியில் நிறுத்தினால், அதைச் சுற்றிக் குழி தானே ஆழமாக வளர்கிறது. பட்டை அணிந்த பிறகு குழந்தை முழங்காலை நீட்டி உதைப்பதை நிறுத்திவிட்டால், தொடை நரம்பு அழுந்துகிறதோ என்று சந்தேகித்து அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.