முதுமைக்குத் தேவை ஒரு பொறுப்பு

முதியோர் இல்லங்களில் வாழ்வோருக்கு வேளை தவறாமல் உணவு வருகிறது, படுக்கை விரிக்கப்படுகிறது, மருந்தும் கைக்கே வந்து சேர்கிறது. இவை யாவும் தேவையே. ஆயினும், எப்போது எழுவது, எதை உடுத்துவது, எங்கே அமர்வது என்னும் சிறு சிறு முடிவுகளைக்கூடப் பிறரே எடுத்துவிட்டால் அம்மனிதரிடம் எஞ்சுவது என்ன?

இவ்வினாவுக்கு விடை தேடிய ஆய்வொன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஆர்டன் ஹவுஸ் என்னும் முதியோர் மருத்துவ இல்லத்தில் நடைபெற்றது. எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியல் அறிஞர் இருவர் நடத்திய அவ்வாய்வு 1976ஆம் ஆண்டு வெளியாயிற்று. 65 முதல் 90 வயது வரையிலான 91 பேர் அதில் பங்கேற்றனர்.

ஒரு மாடியில் இருந்தோரிடம், "உங்கள் அறையை எப்படி அமைப்பது, நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு" என்று நிர்வாகி எடுத்துரைத்தார். விரும்பியவர் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்துத் தாமே வளர்க்கலாம். திரைப்படம் காணும் நாளையும் தாமே முடிவு செய்யலாம். மற்றொரு மாடியினரிடமும் அதே கனிவுடன்தான் பேசினார். ஆனால், "உங்களைக் கவனித்துக்கொள்வது எங்கள் பொறுப்பு" என்றார். செடியும் தரப்பட்டது, நீர் ஊற்றுவது மட்டும் செவிலியர் வேலையாயிற்று.

மூன்றே வாரங்களில் வேறுபாடு புலப்பட்டது. பொறுப்பேற்றவர்களில் 100க்கு 93 பேர் முன்னேற்றம் கண்டனர். மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் பெற்றனர். மற்ற பிரிவில் 100க்கு 71 பேர் முன்னிலும் தளர்ந்திருந்தனர். 18 மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, முதற் பிரிவில் 47 பேரில் 7 பேரும், இரண்டாம் பிரிவில் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தனர். எனினும், இவ்விறப்பு வேறுபாடு பற்றிய கணக்கில் நேர்ந்த பிழை பின்னர் திருத்தப்பட்டது. அதன்படி இச்சான்று முதலில் கருதப்பட்ட அளவுக்கு வலுவானதன்று. ஆகவே, செடி வளர்த்தால் ஆயுள் நீளும் என்று எவரும் அவசரப்பட்டுக் கூறிவிடலாகாது.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அதே 1976இல் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பவர் வெளியிட்ட ஆய்வில், தம்மைக் காண வரும் மாணவர்களின் வருகையைத் தாமே தீர்மானித்த முதியோரும், வருகையை முன்கூட்டியே அறிந்திருந்தோரும் நலமடைந்தனர். ஆய்வு முடிந்து வருகை நின்ற பின்னரோ அவர்கள் சட்டெனச் சரிவுற்றனர். கொடுத்துப் பின் பறிப்பது, கொடாமையினும் கொடிது போலும்!

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? இல்லங்களில் பணிபுரிவோர் பத்து நிமிடம் மிச்சமாகும் என்பதற்காக முதியவரின் சட்டைப் பொத்தானைத் தாமே மாட்டிவிடாமல், அவர் மாட்டும்வரை காத்திருக்கலாம். தலை வாருவதும், பல் துலக்குவதும், பொய்ப்பற்களை இரவில் கழற்றித் தூய்மை செய்வதும் இயன்றவரை அவர் கையாலேயே நடக்கட்டும். வயது ஏற ஏறத் தாக உணர்வு குன்றும். ஆதலால் கைக்கெட்டும் இடத்தில் நீர் இருக்கட்டும். விழுந்துவிடாமல் காக்கும் சமநிலைப் பயிற்சிகளை வாரம் மூன்று நாட்களேனும் செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் முதியோருக்குப் பரிந்துரைக்கிறது. அவரவர் உடல்நிலைக்கேற்ப, மருத்துவர் ஆலோசனையுடன் அதையும் பழக்கலாம்.

காணச் செல்லும் மக்களுக்கும் கடமை உண்டு. "சாப்பிட்டீர்களா? மருந்து குடித்தீர்களா?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "வாப்பா, பேத்திக்கு எந்தப் படிப்பு ஏற்றது?", "உம்மா, அடுத்த முறை நாங்கள் எந்தக் கிழமை வரட்டும்?" என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன கிழமையிலேயே தவறாமல் சென்று நில்லுங்கள்.

நம் வீட்டு மூலைக் கட்டிலில் இருக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். "நீங்கள் சும்மா இருங்கள்" என்று நாம் அன்பினால்தான் சொல்கிறோம். அவர்கள் காதிலோ, "இனி உங்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை" என்று விழக்கூடும். அன்பு, அவர்களைச் சும்மா இருக்க வைப்பதன்று; அவர்களால் இயன்றதை அவர்களிடமே விட்டுவைப்பதாகும்.