வேலையில் நீதி கேட்ட வழக்கறிஞர்

கொலை வழக்குகளில் வாதாடிப் புகழ்பெற்ற வழக்கறிஞர்களைப் பற்றிப் பேசுவோர் பலர். சொத்து வழக்குகளில் பெரும்பொருள் ஈட்டியவர்களைப் பற்றிப் பேசுவோர் அவர்களினும் பலர். ஒரு தொழிலாளிக்கு உரிய வேலை ஏன் மற்றொருவனுக்குப் போயிற்று, ஓர் ஆசிரியருக்கு ஏன் பாதிச் சம்பளம் தரப்பட்டது என்று கேட்பதற்காகவே நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய வழக்கறிஞர் ஒருவரைப் பற்றி நம் அன்பர்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள். ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்து 1950 ஆம் ஆண்டில் மறைந்த சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் அத்தகையவர். பிறந்த மண்ணை விட்டு வந்து, பிறர் பெரும்பான்மையாக வாழும் நகரங்களில் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்களாகிய நமக்கு, அவர் எழுப்பிய கேள்வி அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

அவர் 1895 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 ஆம் நாள் வாஷிங்டன் நகரில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். ஆசிரியையாக இருந்த தாயார் பின்னர்ச் சிகை அலங்காரத் தொழிலை மேற்கொண்டு, செல்வச் சீமாட்டிகளின் கூந்தலை ஒப்பனை செய்து பொருளீட்டினார். ஒரே மகனைப் படிக்க வைப்பதில் இருவருக்கும் ஒரே மனம். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் முதல் வரிசை மாணவராகத் தேறி 1915 இல் பட்டம் பெற்ற ஹூஸ்டன், சிறிது காலம் ஆங்கிலம் கற்பித்தார். முதல் உலகப் போர் வந்தது. கறுப்பின இளைஞர்களுக்கெனத் தனியாக அமைக்கப்பட்ட பயிற்சி முகாமில் சேர்ந்து, இராணுவ அதிகாரியாகப் பிரான்சுக்குச் சென்றார்.

அவர் சட்டம் பயிலப் புகுந்ததற்கு அந்த இராணுவ வாழ்க்கையே காரணம். தேசத்தின் சீருடையை அணிந்திருந்தும், அதே சீருடை அணிந்த வெள்ளை வீரர்களால் அவமதிக்கப்பட்டார். ஓரிரவு பிரான்சில் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. இராணுவ விசாரணைகளில் கறுப்பு வீரர்களுக்குக் கிட்டிய நீதி எத்தகையது என்பதையும் அருகிருந்து பார்த்தார். உயிரோடு ஊர் திரும்பினால், திருப்பி அடிக்க இயலாதவர்களுக்காக வாதாடுவதே தம் தொழில் என்று உறுதி செய்துகொண்டார். 1919 இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியின் புகழ்மிக்க சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர் இவரே. 1923 இல் அங்கேயே சட்டத்தில் முனைவர் பட்டமும் பெற்றுத் தந்தையாரின் அலுவலகத்தில் தொழில் தொடங்கினார்.

வருமானத்தை மட்டும் கருதியிருந்தால் அவர் அங்கேயே இருந்திருக்கலாம். 1929 இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்துச் சட்டப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். மாலை வேளையில் நடந்து வந்த அந்தப் பள்ளியை முழுநேரப் பள்ளியாக்கினார். 1931 இல் அதற்கு முழு அங்கீகாரம் கிடைத்தது. மாணவர்களை அவர் வாட்டி எடுத்த வகையைக் கண்டு, "இரும்புக் காலணி" என்று அவருக்கு ஒரு பட்டப் பெயரும் வைத்தார்கள். வெள்ளை வழக்கறிஞர் ஒரு பிழை செய்தால் நீதிபதி திருத்துவார், கறுப்பு வழக்கறிஞர் ஒரு பிழை செய்தால் அவருடைய இனத்தையே திறமையற்றது என்பார் என்னும் எண்ணம் அந்தக் கண்டிப்பின் பின்னே இருந்தது. அவரிடம் பயின்று 1933 இல் முதல் மாணவராகத் தேறியவர் தர்குட் மார்ஷல்.

1935 முதல் சில ஆண்டுகள் கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கத்துக்குச் சிறப்பு வழக்கறிஞராக ஹூஸ்டன் பணியாற்றினார். கல்வி வழக்குகளால் அக்காலத்தில் அவர் பெயர் நாடறிந்ததாயிற்று. அவற்றோடு ஆசிரியர் சம்பள வழக்குகளும் எழுந்தன. மேரிலாந்து மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் கறுப்பினப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு ஆண்டுச் சம்பளம் 612 டாலர். அதே நிலையிலிருந்த வெள்ளையருக்கு 1475 டாலர். படிப்பு ஒன்று, பதவி ஒன்று, வேலை ஒன்று, சம்பளம் மட்டும் இரண்டு! மார்ஷல் அந்த வழக்கை நடத்தினார். சம்பளத்தைச் சமமாக்க 1937 இல் மாவட்டக் கல்விக் குழு இணங்கியது. பொதுப் பள்ளி அரசாங்கத்தைச் சேர்ந்தது. அரசாங்கம் பாகுபாடு காட்டலாகாது என்று அரசியல் சட்டமே கூறுகிறது. ஆகவே வழி ஓரளவு நேரானது.

தனியார் முதலாளியும் தனியார் சங்கமும் சேர்ந்து பாகுபாடு செய்தால் எந்தச் சட்டத்தைக் காட்டுவது? அந்நாளில் அமெரிக்காவில் அதற்குச் சட்டம் இல்லை. நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 16 ஆம் பிரிவும், பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ காரணம் காட்டிப் பாகுபாடு செய்யலாகாது என்று அரசுப் பணியைக் குறித்துத்தான் சொல்கிறது என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளலாம். இந்த இடுக்கில்தான் ஹூஸ்டனின் பெருந்திறமை வெளிப்பட்டது. அதற்கு வாய்ப்பளித்தவர்கள் ரயில் இஞ்சினில் கரி தள்ளிய பயர்மேன்கள்.

நீராவி இஞ்சினின் அடுப்படி எத்தகையது என்பதை நம் பழைய ரயில்வேக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெக்கையும் கரித்தூளும் நிறைந்த அந்த வேலை அமெரிக்கத் தென் மாநிலங்களில் பெரும்பாலும் கறுப்பினத்தவருக்கே விடப்பட்டிருந்தது. பயர்மேனாக இருந்த வெள்ளையன் ஒருநாள் டிரைவர் ஆவான். கறுப்பினத்தவனோ எத்தனை ஆண்டு உழைத்தாலும் பயர்மேனாகவே ஓய்வு பெறுவான். (வெள்ளையர் ஆட்சியில் நம் ரயில்வேயிலும் யார் யாருக்கு எந்தெந்த உத்தியோகம் எட்டியது என்பதை மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள்.) பின்னர் இயந்திரமே கரியை அடுப்பிலிடும் முறை வந்தது, டீசல் இஞ்சினும் தலைகாட்டியது. வேலை எளிதாயிற்று, கை கறுப்பாவது குறைந்தது, சம்பளமோ நல்ல சம்பளம். கூடவே பொருளாதார மந்தமும் சேர்ந்தது. அதுவரை வேண்டாதிருந்த வேலை எல்லோருக்கும் வேண்டியதாயிற்று. 1930 களின் தொடக்கத்தில் மிசிசிப்பிப் பகுதியில் கறுப்பின ரயில் தொழிலாளர் பலர் மறைந்திருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்றால், அந்த வேலைக்கு இருந்த போட்டியை அறியலாம்.

துப்பாக்கி செய்ததைப் பின்னர் ஒப்பந்தம் செய்தது. பயர்மேன்களுக்கு ஒரு பெருஞ்சங்கம் இருந்தது. அதன் விதிகளின்படி கறுப்பினத்தவர் உறுப்பினராக முடியாது. ஆனால் ரயில்வேத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒரு தொழிற்பிரிவில் பெரும்பான்மையினர் தேர்ந்தெடுத்த சங்கமே அப்பிரிவினர் அனைவருக்கும் பிரதிநிதி. ஆகவே, தன்னுள் சேர்க்க மறுத்த மனிதர்களின் சார்பிலும் அந்தச் சங்கமே பேசியது! 1941 பிப்ரவரியில் அது தென்கிழக்கு ரயில்வேக் கம்பெனிகளுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒவ்வொரு பிரிவிலும் கறுப்பின பயர்மேன்கள் பாதிக்கு மேல் இருக்கலாகாது. அந்த நிலை வரும்வரை காலியாகும் இடங்களும் புதிய இடங்களும் வெள்ளையருக்கே உரியவை என்பது அதன் சாரம். பாதிக்கப்படுவோருக்கு முன்னறிவிப்புக்கூட இல்லை.

அலபாமா மாநிலத்தில் லூயிவில்–நாஷ்வில் ரயில்வேயில் வேலை பார்த்த பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் என்பவரை இந்த ஒப்பந்தம் 1941 ஏப்ரலில் தாக்கியது. அவர் பாசஞ்சர் வண்டிகளுக்கான பயர்மேன் குழுவில் இருந்தார். அந்தக் குழுவின் இடங்கள் காலியானவையாக அறிவிக்கப்பட்டு, சீனியாரிட்டியில் அவருக்குப் பின்னாலிருந்த நான்கு வெள்ளையருக்குத் தரப்பட்டன. அவருக்குப் பதினாறு நாள் வேலையே இல்லை. பிறகு கூட்ஸ் வண்டியில் இடம் கிடைத்தது. உழைப்பு மிகுதி, ஊதியம் குறைவு. அந்த இடமும் இளையவர் ஒருவருக்குப் போய், ஷண்டிங் இஞ்சினுக்குத் தள்ளப்பட்டார். சீனியாரிட்டி என்னும் சொல் ஒரு தொழிலாளியின் வீட்டில் எத்தனை கணக்குகளுக்கு அடிப்படை என்பது நமக்குத் தெரியாததன்று. மகளின் கல்யாணம், மகனின் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அந்தப் பட்டியலில் ஒருவன் எத்தனையாவது ஆள் என்பதைப் பொறுத்தவை.

கறுப்பின ரயில் தொழிலாளர்கள் தங்களுக்கென நடத்திய சிறு சங்கங்கள் ஹூஸ்டனை வழக்கறிஞராக அமர்த்தியிருந்தன. பர்மிங்ஹாம் நகரில் இருந்த கறுப்பின வழக்கறிஞர் ஆர்தர் ஷோர்ஸ் உடன் நிற்க, ஸ்டீலின் வழக்கு அலபாமா நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்டது. அதையொத்த மற்றொரு வழக்கு விர்ஜீனியாவில் நடந்தது. அலபாமா நீதிபதிகள் சாட்சி விசாரணைக்கே இடம் கொடுக்கவில்லை. வாதி சொல்வதெல்லாம் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் இதில் வழக்கு இல்லை என்று தள்ளினர். 1944 இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிற்று.

தோல்வியை முன்கூட்டியே எதிர்பார்த்து, அதற்கேற்ப மனுவை அமைப்பது ஹூஸ்டனின் வழக்கம். கீழ் நீதிமன்றம் உள்ளூர்ப் பகையை உடையது. மேல் நீதிமன்றம் காகிதத்தைப் படிப்பது. ஆகவே பின்னால் தேவைப்படும் ஒவ்வொரு செய்தியும் முதல் மனுவிலேயே இடம்பெற வேண்டும். உச்ச நீதிமன்றத்திற்குப் போகுமுன், ஹோவர்டு பள்ளியில் மாணவர்களும் ஆசிரியர்களும் கேள்வி கேட்க, வாதத்தை ஒத்திகை பார்ப்பதும் அவர் ஏற்படுத்திய பழக்கம். 1938 இல் மிசூரி சட்டப் பள்ளி வழக்கில் அவர் வாதாட எழுந்தபோது, நீதிபதிகளுள் ஒருவர் நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டிக்கொண்டு அமர்ந்தார் என்று சொல்வதுண்டு. ஹூஸ்டன் குரலை உயர்த்தவில்லை. அந்த வழக்கில் வெற்றியும் பெற்றார்.

ஸ்டீல் வழக்கில் அவர் அமைத்த வாதம் எளியது. கம்பெனி தனியார் என்கிறீர்கள், சங்கமும் தனியார் என்கிறீர்கள். இருக்கட்டும். ஸ்டீலின் சார்பில் பேசும் அதிகாரத்தைச் சங்கத்திற்குத் தந்தது யார்? நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். ஸ்டீல் விரும்பினாலும் தமக்கெனத் தனியே பேரம் பேச முடியாதபடி செய்ததும் அதே சட்டம். ஒருவரின் வாயை அடைத்து, அவருக்காகப் பேசும் உரிமையை மற்றொருவருக்குச் சட்டம் தரும்போது, அவரைக் காக்கும் கடமையையும் சேர்த்தே தந்திருக்க வேண்டும். நாட்டின் சட்டமே சிலரை இன்னொருவர் கையில் கட்டிக் கொடுத்ததாக வேறு எவ்விதம் பொருள் கொண்டாலும் அது அரசியல் சட்டத்தோடு மோதும்.

1944 டிசம்பர் 18 ஆம் நாள் தலைமை நீதிபதி ஸ்டோன் தீர்ப்பை வாசித்தார். நீதிபதிகள் அனைவரும் ஸ்டீலின் பக்கமே நின்றனர். பிரிவினர் அனைவருக்கும் பிரதிநிதியான சங்கம், உறுப்பினரல்லாதார்க்கும் சிறுபான்மையினர்க்கும் பாகுபாடின்றி நேர்மையாக நடக்கக் கடமைப்பட்டது என்பது தீர்ப்பு. விர்ஜீனியா வழக்கிலும் முடிவு அதுவே. அமெரிக்கத் தொழிற்சங்கச் சட்டத்தில் "நேர்மையான பிரதிநிதித்துவக் கடமை" என்று இன்றும் வழங்கும் கோட்பாடு அன்று பிறந்தது. நீதிபதி மர்ஃபி மட்டும் தனியே எழுதினார்; நிறவெறியை அதன் பெயர் சொல்லிக் கண்டிக்காமல் சட்டத்தின் பொருளை மட்டும் விளக்கியது போதாது என்பது அவர் குறை. அந்நீதிமன்றம் அதே நாளில், ஜப்பானிய வமிசாவளியினரான குடிமக்களை மேற்குக் கரையிலிருந்து வெளியேற்றியது செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. அதிலே மர்ஃபி மாறுபட்டு எழுதினார். ஒரே நாளில் ஒரே மன்றம் இரண்டு முகம் காட்டியது விந்தைதான்.

தீர்ப்பு பெரிது, பலன் சிறிது. நேர்மையாக நடக்க வேண்டும் என்றது மன்றம். உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. கூட்டம் போடும்போது வெளியே நிற்க வேண்டியவன், உள்ளே நடந்தது நேர்மையா என்பதை எப்படி அறிவான்? சங்கமும் விடாப்பிடியாக இருந்தது. ஹூஸ்டன் ஊர் ஊராக, கம்பெனி கம்பெனியாக மீண்டும் வழக்காட வேண்டியதாயிற்று. டிரைவர் பதவிக்கு உயரக்கூடியவருக்கே நல்ல இடங்கள் என்று சங்கம் புதிய சொல்லால் பழைய வேலையைச் செய்தது. உயர முடியாதபடி தடுத்தது யார் என்பதை அது சொல்லவில்லை. அந்த வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1949 நவம்பரில் தொழிலாளர் பக்கம் தீர்ந்தது.

இடையில் ஒரு நிகழ்ச்சி அவர் இயல்பைக் காட்டும். போர்க்காலத் தொழில்களில் பாகுபாட்டைத் தடுக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1941 இல் ஏற்படுத்திய குழுவில் 1944 இல் ஹூஸ்டன் உறுப்பினரானார். வாஷிங்டன் நகர டிராம் கம்பெனி கறுப்பினத்தவரை வண்டி ஓட்டும் வேலைக்கு எடுப்பதில்லை. 1945 இல் அரசாங்கமே அக்கம்பெனியின் நிர்வாகத்தை ஏற்றிருந்த சமயத்தில், இந்த வழக்கத்தை நிறுத்துமாறு குழு உத்தரவிட முனைந்தது. ஜனாதிபதி ட்ரூமன் தடுத்தார். அரசாங்கத்தின் கையிலுள்ள வண்டியிலேயே அரசாங்கத்தின் கொள்கை ஓடாதென்றால் குழு எதற்கு என்று கருதிய ஹூஸ்டன், அவ்வாண்டு டிசம்பரில் பதவியைத் துறந்தார். கௌரவமான பதவி. அதை வைத்துக்கொண்டே மனம் வருந்தியிருப்பவர்களும் உண்டு.

ஓய்வறியாத உழைப்பு உடலைக் கெடுத்தது. 1949 இறுதியில் இதய நோய் கண்டது. 1950 ஏப்ரல் 22 ஆம் நாள், ஐம்பத்து நான்கே வயதில், அவர் காலமானார். அப்போது அவருடைய ஒரே மகன் சிறு பையன். பள்ளிகளில் நிறவேற்றுமை செல்லாது என்று 1954 இல் வந்த தீர்ப்பையோ, வேலையில் இன, நிற, சமய, பால் வேறுபாடு காட்டுவதைத் தனியார் முதலாளிகளுக்கும் சங்கங்களுக்கும் தடை செய்த 1964 ஆம் ஆண்டுச் சட்டத்தையோ அவர் காணவில்லை. அந்தச் சட்டம் வந்தபோது நீராவி இஞ்சின்கள் போயிருந்தன. பயர்மேன் வேலையே மறைந்துகொண்டிருந்தது. கறுப்பின பயர்மேன்களில் பலர் அதற்கு முன்பே வீடு திரும்பிவிட்டனர்.

அவர் விட்டுச்சென்ற ரயில்வே வழக்குகளை அலுவலகத்தில் உடனிருந்த வழக்கறிஞர்கள் தொடர்ந்து நடத்தினர். கறுப்பின ரயில் போர்ட்டர்களை நீக்கி, அவர்கள் செய்துவந்த வேலையை வெள்ளையருக்குக் கொடுக்குமாறு வேறொரு சங்கம் கம்பெனியை நெருக்கிய வழக்கில், 1952 ஜூனில் உச்ச நீதிமன்றம் போர்ட்டர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சம்பள வழக்கில் வாதாடிய பழைய மாணவர் மார்ஷல், 1967 இல் அதே உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியானார்.