நடைவண்டியைக் கழற்றிப் பார்க்கலாம்

'விகடகவி'யை இடமிருந்து வாசித்தாலும் வலமிருந்து வாசித்தாலும் விகடகவிதான். தெனாலிராமன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கணினிக்குத் தெரியாது.

கோடிங் கற்கப் போகும் எவருக்கும் முதல் சில வாரங்களிலேயே வரும் பயிற்சி இது: ஒரு சொல்லை வாங்கு, தலைகீழாகத் திருப்பு, இரண்டும் ஒன்றா என்று பார். ஆங்கிலத்தில் 'மேடம்' என்று தட்டினால் பைத்தான் நிரல்மொழி 'ஆம்' என்கிறது. தமிழில் 'விகடகவி' என்று தட்டினால் 'இல்லை' என்கிறது. எத்தனை எழுத்து என்று கேட்டால், 5 என்று சொல்ல வேண்டியது 7 என்கிறது. மாணவர் தன் நிரலில்தான் பிழை என்று அரை மணி நேரம் துழாவுவார். பிழை அங்கே இல்லை.

யூனிகோடு முறையில் 'வி' என்பது ஒரே எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. 'வ' ஒரு குறியீடு, அதன் இகரக் குறி இன்னொரு குறியீடு. விகடகவியில் 'வி' இரண்டு முறை வருவதால் ஐந்தெழுத்துச் சொல் ஏழு குறியீடுகளாகிறது. அதைத் தலைகீழாக்கினால் கடைசியில் இருந்த இகரக் குறி முதலில் வந்து ஒட்ட இடமில்லாமல் நிற்கும். நடுவில் கிடந்த இன்னொன்று 'க'வோடு ஒட்டிக்கொண்டு 'கி' ஆகிவிடும். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் இப்படி இருபுறமும் ஒன்றாக வாசிக்கும் மாலைமாற்றாகப் பாடிய மொழிக்கு இந்தக் கதி.

தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முன்னின்று தொடங்கி, தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து வளர்த்த 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் லைப்ரரி. அதில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்று உண்டு. அதனிடம் கொடுத்தால் வி, க, ட, க, வி என்று ஐந்தாகப் பிரித்துத் தரும். அதைத் திருப்பிப் பார்த்தால் விகடகவி மீண்டும் விகடகவி ஆகிவிடுகிறது.

லைப்ரரியைத் தமிழில் நிரலகம் என்கிறார்கள். யாரோ எழுதி, சோதித்து, நாம் பெயர் சொல்லி அழைத்தால் வேலை செய்யும்படி வைத்திருக்கும் செயற்கூறுகளின் தொகுப்பு அது. தொழில்முறை நிரலர்களுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது. புதிதாகக் கற்பவர்களுக்கோ அது நடைவண்டி.

மறைப்பதும் ஓர் உதவி

சி மொழியில் பயனரிடம் ஓர் எண் வாங்குவதைப் பாருங்கள். வழக்கமான வழி 'ஸ்கேன்எஃப்'. அதில் மாறியின் பெயருக்கு முன்னால் '&' என்ற குறியைப் போட வேண்டும். ஏன் என்று கேட்டால் நினைவக முகவரி பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பாடம் வருவதற்கு இன்னும் பல வாரங்கள் இருக்கும். 'இப்போதைக்குப் போடு, பிறகு சொல்கிறேன்' என்பதே ஆசிரியரின் பதில். மறந்தால் நிரல் பாதியில் கவிழ்ந்துவிடலாம். போட்டாலும் நிம்மதி இல்லை. வயது கேட்ட இடத்தில் ஒருவர் 'பத்து' என்று எழுத்தில் தட்டிவிட்டால், ஸ்கேன்எஃப் அந்த எழுத்துகளைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும். 'சரியான எண் வரும்வரை மறுபடி கேள்' என்று சுற்று எழுதியிருந்தால் அது ஒவ்வொரு முறையும் அதே எழுத்துகளில் முட்டிக்கொள்ளும். கேள்வி மட்டும் திரையில் ஓயாமல் ஓடும்.

இதைத் தவிர்க்க ஒரு பழைய உத்தி உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் ராபர்ட்ஸ் 1995இல் வெளியிட்ட சி மொழிப் பாடநூல், சிக்கலான இடங்களை மூடி வைக்கும் நிரலகங்களை அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டது. பின்னாளில் ஜாவா மொழிக்கும் அதுபோன்ற நிரலகத்தை உருவாக்கிய குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். இன்று இந்த உத்தியை உலகம் அதிகம் பார்ப்பது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'சிஎஸ்50' என்ற அறிமுகப் பாடத்தில்தான். 2007 முதல் அதை நடத்திவருபவர் டேவிட் மலன். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.

அந்தப் பாடத்தின் நிரலகத்தில் 'கெட்_இன்ட்' என்றொரு செயற்கூறு இருக்கிறது. மாணவர் எழுத வேண்டியது ஒரே வரி. உள்ளே நடப்பது அதிகம். பயனர் தட்டிய வரி முழுவதையும் முதலில் எழுத்துகளாகவே வாங்கிக்கொள்கிறது. பிறகு எண்ணாக மாற்றிப் பார்க்கிறது. எண்ணுக்குப் பின்னால் வேறு எழுத்து ஒட்டியிருக்கிறதா, எண் அளவுக்கு மீறிப் பெரிதா என்று சோதிக்கிறது. சி மொழியில் வழக்கமான முழு எண் மாறிக்குள் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் அடங்கும். 300 கோடி என்று தட்டினால் ஏற்றுக்கொள்ளாமல் மறுபடி கேட்கும்.

இன்னொரு மறைப்பு இதைவிடச் சுவையானது. சி மொழியில் சொற்களை வைக்க 'ஸ்ட்ரிங்' என்று தனி வகை கிடையாது. இந்த நிரலகம் அப்படி ஒரு வகை இருப்பதுபோலக் காட்டுகிறது. மாணவர்கள் நம்பி எழுதுகிறார்கள். பின்னர் நினைவகம் பற்றிய வாரத்தில் ஆசிரியரே திரையை விலக்குகிறார்: 'ஸ்ட்ரிங் என்று ஒன்று இல்லை, அது முதல் எழுத்து இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே.' அதற்குள் மாணவர்கள் சொற்களை வைத்துப் பல நிரல்கள் எழுதியிருப்பார்கள். அதனால் அந்த உண்மை அவர்களை மிரட்டுவதில்லை.

நீலத் திரை கற்றுத்தந்தது

நம் ஊர்க் கல்லூரிகளில் நீலத் திரையில் சி படித்த தலைமுறைக்கு வேறோர் அனுபவம் உண்டு. எந்த நிரலாக இருந்தாலும் முதலில் திரையைத் துடைக்க 'கிளியர் ஸ்கிரீன்', கடைசியில் திரை மறையாமல் நிற்க 'கெட்ச்'. மந்திரம் போல எழுதினோம். அவை சி மொழியின் பகுதி என்றே பலரும் நம்பினோம். லினக்ஸ் கணினியில் அதே நிரலை ஓட்டியபோதுதான் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்ற பதில் வந்தது. அவை அந்த நீலத் திரைக் கம்பைலரோடு வந்த சரக்கு, மொழியின் சொத்து இல்லை.

அந்தச் செயற்கூறுகள் மறைத்தது குற்றமில்லை. சிஎஸ்50 நிரலகமும் மறைக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் மூல நிரல் பொதுவில் கிடக்கிறது. சில நூறு வரிகள்தான். 'கெட்_இன்ட்' எப்படி வேலை செய்கிறது என்று கேட்கும் மாணவருக்கு அதையே திறந்து காட்டலாம். தொடக்கத்தில் பாடத்தை எளிதாக்கிய நிரலகம், சில வாரங்கள் கழித்துத் தானே பாடமாகிவிடுகிறது. திறமூலம், ஓப்பன் சோர்ஸ் என்றால் காசில்லாமல் கிடைப்பது என்று நினைக்கிறோம். கற்பவருக்கு அதைவிடப் பெரிய லாபம், உள்ளே பார்க்கலாம் என்பது.

ஆமை போடும் வட்டம்

ஹார்வர்டு வரை போக வேண்டியதில்லை. பைத்தானோடு சேர்ந்தே வருகிறது 'டர்ட்டில்' என்ற நிரலகம். 1967இல் வாலி ஃபியூர்சைக், சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக உருவாக்கிய 'லோகோ' மொழியின் வழிவந்தது இது. பைத்தானில் இப்போதுள்ள வடிவத்தை எழுதியவர் வியன்னாவைச் சேர்ந்த கிரிகோர் லிங்கில். 2008இல் வந்த 2.6 பதிப்பில் அது சேர்ந்தது. 'நூறு அடி முன்னே போ, 90 டிகிரி இடப்பக்கம் திரும்பு' என்று நான்கு முறை சொன்னால் திரையில் ஆமை ஒரு சதுரம் போடும்.

வட்டம் போடச் சொன்னாலும் போடும். ஆனால் ஆமைக்கு நேராகப் போகவும் திரும்பவும் மட்டும்தானே தெரியும், வளைவு எப்படி வந்தது? நிரலகக் கோப்பைத் திறந்து பார்த்தால் விடை கிடைக்கிறது. அது வட்டமே இல்லை, பல பக்கங்கள் கொண்ட பலகோணம். எத்தனை பக்கம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆரத்தை 6ஆல் வகுத்து 11ஐக் கூட்டு. அது 59ஐத் தாண்டினால் 59 என்றே வைத்துக்கொள். பின்னம் வந்தால் விட்டுவிட்டு 1 கூட்டு. ஆரம் 60 என்றால் 22 பக்கங்கள். எவ்வளவு பெரிய வட்டமானாலும் 60 பக்கங்களுக்கு மேல் போகாது. பலகோணத்தின் பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் வட்டத்தைப் பிடிக்கலாம் என்று ஆர்க்கிமிடீஸ் 96 பக்கங்கள் வரை போனார். ஆமைக்கு 60 போதும், நம் கண் அதிலேயே ஏமாந்துவிடும்.

ஆமையோடு பழகும் மாணவர்கள் விழும் ஒரு குழியும் உண்டு. தன் நிரலுக்கும் 'டர்ட்டில்' என்றே பெயர் வைத்துச் சேமித்துவிடுவார்கள். பைத்தான் ஒரு நிரலகத்தைத் தேடும்போது, ஓடும் நிரல் இருக்கும் அடைவைத்தான் முதலில் பார்க்கும். அங்கே மாணவரின் கோப்பே அந்தப் பெயரில் இருப்பதால் அதையே எடுத்துக்கொண்டு, 'முன்னே போ என்று இதில் எதுவும் இல்லையே' என்று முறையிடும். 3.13 பதிப்பிலிருந்து, கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள் என்று பைத்தானே சொல்லிவிடுகிறது.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் பாடமாக இருக்கிறது. அந்த மாணவர்களுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் ஒரு சின்ன வேலை. மேலே சொன்ன குழியையே ஏணியாக்கலாம். பைத்தானோடு வந்த டர்ட்டில் கோப்பைப் பெயர் மாற்றாமல் நகலெடுத்து, உங்கள் நிரல் இருக்கும் அடைவில் வையுங்கள். அதில் 'சர்க்கிள்' செயற்கூறைத் தேடி, அங்குள்ள 59ஐ 5 என்று திருத்துங்கள். இனி ஆமையிடம் வட்டம் கேட்டால் அறுகோணம் போடும். அதன் பிறகு ஓப்பன்-தமிழைத் திறந்து, விகடகவி எப்படி ஐந்தாகப் பிரிகிறது என்று பாருங்கள்.