ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஒரு கோல்



ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடி எது என்று வினவினால், நன்னம்பிக்கை முனை என்றே பலர் விடை கூறுவர். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். ஒருமுறை தேர்வில் ஒரு மாணவன் அகுல்யாஸ் முனை என்று எழுதியிருந்தான், தவறென்று அடித்துவிட்டேன். அவன் தேசப்படத்தைக் கொணர்ந்து காட்டிய பின்னரே பிழை என்னுடையது என்பது விளங்கிற்று. மதிப்பெண்ணைத் திருத்தினேன், மனம் மட்டும் ஆறவில்லை. ஓய்வு பெற்ற பின், ஒரு மார்ச் மாதத்தில் அம்முனையை நேரிற் காணச் சென்றேன்.

கேப் டவுன் நகருக்குத் தென்கிழக்கே உள்ளது அகுல்யாஸ். நன்னம்பிக்கை முனையின் கம்பீரம் இங்கில்லை. தாழ்ந்த பாறைகள், 1849-இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம், இரு மாகடல்களின் எல்லையைக் குறிக்கும் கல் ஆகியவையே காட்சி. அகுல்யாஸ் என்னும் போர்த்துகீசியச் சொல்லுக்கு ஊசிகள் என்று பொருள். 1500-ஆம் ஆண்டையொட்டி இங்கே காந்த ஊசி உண்மை வடக்கையே காட்டிற்றாம். இன்றோ அது சுமார் 25 பாகை மேற்கே விலகி நிற்கிறது. ஆதலால் ஊசியை விடுத்து நிழலை நாடினேன்.

மார்ச் 20-ஐ ஒட்டிச் சூரியன் நிலநடுக்கோட்டின் நேர்மேலே நிற்கிறது. அன்று உச்சிப்பொழுதில் அது நம் தலைக்கு மேலிருந்து எத்தனை பாகை சாய்ந்துள்ளதோ, அதுவே அவ்விடத்தின் அட்சம். ஒரு மீட்டர் கோலை நட்டேன். நிழல் மிகக் குறுகியபோது கடிகாரம் 12 மணி 47 நிமிடம் காட்டிற்று. அந்நாட்டுக் கடிகாரம் கிழக்குத் தீர்க்கரேகை 30 பாகைக்கு உரியது. பாகைக்கு 4 நிமிடமாக, 40 நிமிடத் தாமதம் 10 பாகை மேற்கே இருப்பதைக் காட்டும். எஞ்சிய 7 நிமிடம் அந்நாளில் சூரியன் கடிகாரத்துக்குப் பிந்துவதால் நேர்வது. ஆகவே தீர்க்கரேகை 20 பாகை. நிழலின் நீளம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். அட்சம் 34 பாகை 50 கலையாயின் 69.6 இருத்தல் வேண்டும். மகிழ்ந்தேன்.

ஆனால் மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. நன்னம்பிக்கை முனையின் அட்சம் 34 பாகை 21 கலை; அங்கு நிழல் 68.3 சென்டிமீட்டர். வேறுபாடு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுதி. சூரியனோ புள்ளியன்று, அரைப் பாகை அகன்ற வட்டம். அதனால் நிழலின் நுனி ஒன்றரைச் சென்டிமீட்டர் அளவுக்கு மங்கிக் கிடந்தது. இரு முனைகளையும் பிரித்தறிய என் கோலால் இயலவில்லை!

பின்னர் கைபேசியில் செயற்கைக்கோள்கள் வழியே இடத்தைக் கணித்தேன். 34 பாகை 50 கலை என்றே விடை வந்தது. ஒரு கலை 1.85 கிலோமீட்டர், 29 கலைக்கு ஏறத்தாழ 54 கிலோமீட்டர். அத்துணைத் தொலைவு அம்மாணவன் மெய்யின் பக்கம் நின்றான். ஆசிரியன் பிழையின் பக்கம் நின்றேன்.

அளந்ததைச் சொல்வதோடு, அளவுகோல் எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதையும் சொல்வதே அறிவியல். அடுத்த மார்ச்சில் உங்கள் பள்ளி முற்றத்தில் ஒரு கோலை நட்டுப் பாருங்கள். கிடைத்த விடை உங்கள் ஆசிரியர் சொன்னதற்கு மாறாக இருப்பின், தயங்காது அவரிடம் காட்டுங்கள்.