கை தோல் உரியுதா? பிய்க்காதீங்க!

பொங்கல் முடிஞ்சு பனி விலகி வெயில் ஏற ஆரம்பிச்ச நேரம், ஊருக்கு, அதாவது களம்பூருக்குப் போயிருந்தேன். என் உள்ளங்கையில் தோல் வட்ட வட்டமாக உரிந்துகொண்டிருந்தது. வலி இல்லை, அரிப்பும் இல்லை. அத்தை பார்த்துட்டு, "உனக்குமா? நீ கீபோர்டு தட்டறவன், சமாளிச்சுக்குவ. நான் பாவு பிணைக்கணுமேடா!"ன்னாங்க.

அத்தைக்குப் பட்டுத்தறி. பட்டின் ஒற்றை இழை தலைமுடியை விட மெல்லிசு. விரல் நுனியில் தோல் பிசிறாக நின்றால் இழை மாட்டிக்கும். பகலில் எண்ணெய் தடவிக்கவும் முடியாது, சேலையில் கறை பட்டுடும். வேலை மெதுவானா கூலியும் தள்ளிப்போகும்.

சரி, ஏன் உரியுது? நம் மேல்தோலின் வெளிப்புறம் என்பது இறந்த செல்களின் அடுக்கு. புரதப் பிணைப்புகள் அவற்றை ஒட்டி வைத்திருக்கின்றன. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணுக்குத் தெரியாமல் செல்கள் உதிரும். அந்தப் பிணைப்பு சீக்கிரமே விட்டுப்போனால் தோல் காற்றுக் குமிழ் மாதிரி மேலெழும்பி, பிறகு வட்டமாக உரியும். நம்ம பாஷையில சொன்னா, ஒவ்வொரு ஃபைலா டெலீட் ஆக வேண்டியது மொத்த ஃபோல்டராப் போயிடுது. இதற்குப் பெயர் கெரட்டோலைசிஸ் எக்ஸ்ஃபோலியேட்டிவா.

உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. அதனால் பனிக்காலக் காற்று, சோப்பு, டிடர்ஜென்ட் எல்லாம் அதைச் சீக்கிரம் காய வைக்கும். வெயில் காலத்து வியர்வையும் உரிதலைக் கூட்டும். இது தொற்று இல்லை. பெரும்பாலும் சத்துக்குறைவும் இல்லை. சில வாரங்களில் தானா சரியாகும், திரும்பவும் வரலாம்.

செய்ய வேண்டியது: பிய்க்காதீங்க. பாத்திரம் தேய்க்கும்போது கையுறை போடுங்க. கை கழுவினதும் கிரீம் தடவுங்க. ராத்திரி பெட்ரோலியம் ஜெல்லி அல்லது யூரியா கிரீம். பேரு ஒண்ணுதான்னு வயலுக்குப் போடற உரத்தை எடுத்துடாதீங்க!

டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போ? அரிப்போடு சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வந்தால் அது எக்ஸிமாவாக இருக்கலாம். ஒரு கை மட்டும் உரிந்து, பாதத்திலும் செதில் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். குழந்தைக்குப் பல நாள் காய்ச்சல் அடித்த பிறகு விரல் நுனி உரிந்தால் தாமதிக்கவே கூடாது. இதயத்தைப் பாதிக்கும் கவாசாகி நோயிலும் அப்படி உரியும்.

அத்தை கிட்ட ஏற்கனவே ஒரு டியூப் இருந்துச்சு. மருந்துக்கடையில "எல்லாத்துக்கும் கேட்கும்"னு கொடுத்தாங்களாம். படிச்சுப் பார்த்தா, ஸ்டீராய்டு கலந்த கிரீம். படர்தாமரை மேல அதைப் போட்டா சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை மட்டும் பரவிக்கிட்டே இருக்கும். தொடர்ந்து போட்டா தோலும் மெலிஞ்சுடும். ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச்சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-லயே மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியிருக்கு.

அந்த டியூபை ஓரமா வச்சுட்டு, ராத்திரி மட்டும் ஜெல்லி தடவச் சொன்னேன். போன வாரம் அத்தை போன் பண்ணாங்க: "இழை மாட்டலடா." எனக்கு அது போதும். உங்க வீட்டுலயும் அப்படி ஒரு டியூப் இருக்கா? இன்னிக்கு எடுத்துப் படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.