நூறு டொலர் உழைப்பில் வீடு வந்து சேர்வது எவ்வளவு?

நமது ஊர்களில் இப்போது ஒரு புதிய ஏற்றுமதி நடக்கிறது. இதற்குக் கொள்கலன் தேவையில்லை, சுங்கத்தில் காத்து நிற்கவும் வேண்டியதில்லை. காத்தான்குடியிலோ அக்குறணையிலோ மாவனல்லையிலோ ஒரு வீட்டின் அறைக்குள் இருந்து ஒரு பிள்ளை அமெரிக்கக் கடைக்காரர் ஒருவருக்கு விளம்பரப் படம் செய்து கொடுக்கிறது. இன்னொரு பிள்ளை அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறது. வெளியே சென்று வேலை செய்ய முடியாத எமது பெண்பிள்ளைகள் பலருக்கும் இது ஒரு ஹலாலான வருமான வழியாகியிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

மகன் நூறு டொலர் உழைத்தான் என்று வாப்பாமார் சந்தோஷப்படுகிறார்கள். அந்த நூறில் வீடு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. சரக்கு இறக்கும் நாம் சீனாக்காரன் சொல்லும் விலையை மட்டும் பார்த்து ஓடர் கொடுப்பதில்லை. கப்பல் கூலி, காப்புறுதி, தீர்வை, வங்கிக் கட்டணம், லொறிக் கூலி எல்லாவற்றையும் கூட்டி, கடைக்கு வந்து சேரும் விலையைத்தான் பார்க்கிறோம். பிள்ளைகளின் ஏற்றுமதிக்கும் இதே கணக்குத்தான். என்ன, இங்கே கூட்டுவதற்குப் பதிலாகக் கழிக்க வேண்டும்.

கழிவு நான்கு இடங்களில் நடக்கிறது.

முதலாவது, வேலை பிடித்துக் கொடுக்கும் தளத்தின் கொமிஷன். ஃபைவர் நிறுவனம் செய்பவரின் தொகையில் நூற்றுக்கு 20 வீதம் எடுக்கிறது. அப்வர்க் 2016 முதல் 20, 10, 5 என்று படிப்படியாகக் குறையும் முறையை வைத்திருந்தது. 2023 மே மாதம் அதை எல்லோருக்கும் 10 வீதமாக்கியது. 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு வேலையைப் பொறுத்து பூச்சியம் முதல் 15 வீதம் வரை எடுக்கிறது. ஆகவே போன வருடத்துக் கணக்கை இந்த வருடத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, தளத்திலிருந்து பணத்தை வெளியே எடுக்கும் கட்டணம். இது பெரும்பாலும் ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று இருக்கும். இதைவிட ஆண்டுக் கட்டணம் எடுப்பவர்களும் உண்டு. பேயோனியர் நிறுவனம், குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாகப் பணம் வரும் கணக்குகளிடம் ஆண்டுக்கு 29.95 டொலர் அறவிடுகிறது. வருடத்துக்கு 300 டொலர் மட்டும் உழைக்கும் பிள்ளைக்கு இது பத்தில் ஒரு பங்கு.

மூன்றாவது, இடைவழி வங்கிகள். டீ.டீ. அனுப்பும் வியாபாரிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. செலவு யார் தலையில் என்பதை அனுப்புபவர் குறிப்பிடாவிட்டால் நடுவிலுள்ள வங்கி தன் பங்கை வெட்டிக்கொள்ளும். யிவூ சந்தைக்காரர் ‘இருபத்தைந்து டொலர் குறைகிறது’ என்று எம்மிடம் முறைப்படுவது இதனால்தான். பணம் எம் பக்கம் வரும்போதும் அதே வெட்டு விழும்.

நான்காவது, நாணய மாற்று வீதம். கட்டணப் பட்டியலில் எழுதப்படாத கட்டணம் இது. ‘கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்துவிட்டு, சந்தை வீதத்தைவிட ஐந்தாறு ரூபா குறைத்துக் கொடுப்பவர் இலவசமாக எதையும் செய்யவில்லை. 2011இல் லண்டனில் தொடங்கிய வைஸ் நிறுவனம் சந்தையின் நடு வீதத்தையே கொடுத்து, தன் கட்டணத்தைத் தனியாகக் காட்டுகிறது. தளத்துக்கு வெளியே நேரடியாக வாடிக்கையாளர் வைத்திருப்பவர்கள், அவரை இப்படி எமது ரூபாக் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டொலர் 300 ரூபா என்றும், பணம் எடுக்கத் தடவைக்கு 3 டொலர் என்றும், மாற்று வீதத்தில் நூற்றுக்கு 2 குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 200 டொலருக்கு வேலை செய்தவருக்கு 20 வீதக் கொமிஷன் போக 160. ஒரே தடவையில் எடுத்தால் 157. மாற்றும்போது 153.86 டொலரின் பெறுமதி, அதாவது 46,158 ரூபா கைக்கு வரும். அதே 160ஐ வாராவாரம் நாற்பது நாற்பதாக எடுத்தால் 43,512 ரூபாதான். அவசரப்பட்டதற்கு 2,646 ரூபா நட்டம்! முழு உழைப்பின் பெறுமதியோ 60,000 ரூபா.

இதிலிருந்து ஒரு விதியை எடுத்துக்கொள்ளலாம். சிறிய தொகையை நிலையான கட்டணம் தின்னும். பெரிய தொகையை வீதமும் நாணய மாற்றும் தின்னும். அமெரிக்காவில் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் இணையக் காட் கட்டணம் 2.9 வீதமும் 30 சதமும். ஐந்து டொலரில் இது கிட்டத்தட்ட 9 வீதம், ஐந்நூறு டொலரில் 3 வீதத்துக்கும் குறைவு. ஒரே விலைப்பட்டியல்தான், பாதிப்பு வேறு.

குறுக்கு வழிகள் இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக இலங்கையர் பேபால் மூலம் பணம் செலுத்த முடிந்ததே தவிர, பெற முடியவில்லை. இதனால் வெளிநாட்டிலுள்ள மச்சானின் கணக்கையோ, முகம் தெரியாத ஒருவரின் கணக்கையோ வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு. கணக்கு முடக்கப்பட்டால் பெயருக்குரியவர்தான் பேச முடியும். உழைத்தவர் கையில் ஓர் ஆதாரமும் இராது. உறவும் முறியும்.

மற்றது உண்டியல். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டிய காலத்தில் பலரும் அதை நாடினார்கள். இன்றைய கணக்கு வேறு. வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையின் வருமானம் வங்கி மூலம் நாட்டுக்கு வந்தால், 2025 ஏப்ரல் முதல் அதற்கான உச்ச வரி வீதம் 15. சாதாரண வருமானத்துக்கு உச்ச வீதம் 36. வங்கித் துண்டு இல்லாதவர் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. நாளை வீடு கட்டவோ கடை போடவோ பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாலும் அந்தத் துண்டுதான் பதில் சொல்லும்.

சேவைக்குக் கூலி வாங்குவது வட்டியல்ல, அதைக் கொடுப்பதில் எமக்குக் குறையும் இல்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது.

ஆகவே பெற்றோரே, இந்த வாரம் உங்கள் பிள்ளையுடன் அமர்ந்து ஒரு கொப்பியில் நான்கு நிரல்கள் போடுங்கள். வாடிக்கையாளர் கொடுத்தது, தளம் தந்தது, வங்கிக்கு வந்த ரூபா, அன்றைய சந்தை வீதம். மூன்று மாதம் எழுதினால் எந்த வழி மலிவு என்பது தானாகவே தெரியும். அடுத்த வேலைக்கு விலை சொல்லும்போது அந்தக் கழிவையும் சேர்த்துச் சொல்லப் பிள்ளை பழகிக்கொள்ளும். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடிய முதலாவது முதல் இதுதான்.