வாகனம் இல்லாதவரின் லீற்றர்

2022 ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று பங்கு பிரித்தார்கள். கைபேசியில் கியூஆர் குறியைக் காட்டியவருக்கு எண்ணெய் கிடைத்தது. நாள்கணக்கில் கிடந்த வரிசைகள் சுருங்கின. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பங்கு வாகனத்தின் பெயரில் இருந்தது. சைக்கிள்கூட இல்லாத ஒரு பாட்டிக்கு வாரம் எத்தனை லீற்றர்?

அவருக்கும் பங்கு உண்டு. அது கிளினிக்குக்குப் போகும் பேருந்தில் இருக்கிறது; அம்புலன்ஸில், குடிநீர் பவுசரில், ஒழுங்கைக்கு வரும் குப்பை உழவு இயந்திரத்தில் இருக்கிறது. அந்த வண்டிகள் நின்ற அன்று அவருடைய லீற்றரும் போய்விட்டது. அதனால்தான் எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்கு ஆயத்தமாவது அமைச்சுக்கு மட்டும் உரிய வேலையாக இருக்க முடியாது. பிரதேச சபைக்கும் அதில் பங்கு இருக்கிறது.

அன்று நடந்தது

இலங்கைக்கு ஒரு துளி எண்ணெயும் கப்பலில்தான் வரவேண்டும். டொலர் தீர்ந்ததும் கப்பல் நின்றது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட இயலாது என்று அரசு அறிவித்தது. ஜூன் 26இல் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாய், டீசல் 460. மறுநாள் இரவு, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள்.

ஒரு தட்டுப்பாடு இன்னொன்றைக் கூட்டிவந்தது. மின்சாரம் நின்றால் ஆசுபத்திரியும் நீர் இறைக்கும் நிலையமும் ஜெனரேட்டரை நம்புகின்றன. அதற்கும் டீசல் வேண்டும். பேருந்து கேட்டு நின்ற அதே டீசல்.

அந்த மே மாதம் ஹல்துமுல்லைப் பகுதியில், பிறந்து இரண்டே நாளான குழந்தைக்கு மஞ்சள் கண்டது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகப் பெற்றோல் தேடித் தகப்பன் மணிக்கணக்கில் அலைந்தார். குழந்தை பிழைக்கவில்லை.

வடக்குக்குத் தட்டுப்பாடு புதிதல்ல. 90களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். வீடு எப்படியோ சமாளித்துக்கொள்ளும். சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஆசுபத்திரி போகவேண்டிய நோயாளியை அந்தச் சாமர்த்தியம் ஏற்றிப்போகாது. அதற்குப் பொது ஏற்பாடு வேண்டும்.

முன்கூட்டிச் செய்யக்கூடியவை

முதலில் கணக்கு. எந்த வண்டி, ஒரு நடைக்கு எத்தனை லீற்றர், பாதி டீசல்தான் கிடைத்தால் எந்த நடையை விடலாம், எதை விடவே முடியாது? இதை நெருக்கடி நாளில் எழுத முடியாது. அன்று உரத்துக் கேட்பவருக்கே முதல் லீற்றர் போகும்.

குப்பை உழவு இயந்திரத்தையே பாருங்கள். அது சுமக்கும் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு, பெரும்பகுதி தண்ணீர். வாழைத்தோலையும் பூசணிக் குடலையும் டீசல் எரித்துக் கிடங்குக்குக் கொண்டுபோகிறோம். அவை தென்னையடிக் குழிக்குள் போனால் வாரத்தில் ஒரு நடையாவது மிஞ்சும். மிஞ்சிய டீசல் பவுசருக்குப் போகும்.

அடுத்தது ஒப்பந்தம். பக்கத்துப் பெற்றோல் செட்டில், கூட்டுறவுச் சங்கம் நடத்தும் செட்டாயினும் சரி, அவசர சேவைகளுக்கென ஓர் அளவை எப்போதும் ஒதுக்கிவைக்க எழுத்தில் உடன்பாடு வேண்டும். அம்புலன்ஸ் சுகாதாரத் துறையிடம், பேருந்து போக்குவரத்துச் சபையிடம், பவுசர் பிரதேச சபையிடம். ஆகவே பிரதேச செயலாளர் இவர்களை ஒரே மேசைக்கு அழைத்து முன்னுரிமைப் பட்டியலை முடிவு செய்வது நல்லது. தொடர் சிகிச்சை நோயாளர், பிரசவத் திகதி நெருங்கிய தாய்மார், மண்ணெண்ணெயில் படகோட்டும் மீனவர் ஆகியோரின் எண்ணிக்கையும் அதில் வேண்டும்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநகர சபை 2006இலேயே எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்கு ஆயத்தமாவதற்கென ஒரு குடிமக்கள் குழுவை அமைத்தது. 25 ஆண்டுகளில் எண்ணெய், இயற்கை வாயுப் பாவனையைப் பாதியாகக் குறைக்கும்படி அக்குழு 2007இல் பரிந்துரைத்தது. அன்று அங்கே வரிசை எதுவும் இல்லை.

வீட்டில் பதுக்காதீர்கள்

பயத்தில் பெற்றோலைக் கேனில் வாங்கி அறைக்குள் வைப்பவர்கள் உண்டு. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து அடுப்படி வரை போய்த் தீப்பற்றும். மண்ணெண்ணெய் விளக்கிலோ அடுப்பிலோ பெற்றோலைக் கலப்பது உயிராபத்து.

உங்கள் உரிமை, நாடவேண்டிய இடம்

*தகவல் கேட்க:* 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எந்தப் பிரஜையும் பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். உயிரோடு தொடர்புடைய விடயமானால் 48 மணித்தியாலத்துக்குள். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

*அதிக விலை, பதுக்கல்:* பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977.

*பாரபட்சம்:* ஓர் அரச அலுவலர் உங்களை வேண்டுமென்றே ஒதுக்கினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம் (தொலைபேசி 1996). அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றில் தாக்கல் செய்யவேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பொருளாதாரத்தைக் குலைத்து மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உட்படப் பலரை உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14இல் பொறுப்பாளிகளாகக் கண்டது. வழக்கைக் கொண்டுபோனவர்கள் குடிமக்களே. ஆனால் தீர்ப்பு வந்தது வரிசைகள் கலைந்து ஓராண்டுக்குப் பின். வருமுன் காப்பதற்கு இருப்பது பிரதேச சபைதான்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் ஈராண்டுக்கு மேல் நம் ஊர்களில் உறுப்பினரே இருக்கவில்லை. 2025 மே 6 தேர்தலுக்குப் பின் கேட்க ஆளிருக்கிறது. ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதிக் கொடுங்கள்:

1. சபை வாகனங்களுக்கு மாதம் எத்தனை லீற்றர் செலவாகிறது?
2. அது எங்கிருந்து வருகிறது? பொதுமக்கள் வரிசையில் நிற்கும் அதே செட்டிலிருந்தா?
3. எரிபொருள் பாதியானால் முதலில் ஓடும் வண்டி எது, கடைசியில் எது?
4. அந்த முடிவு எந்தக் கூட்டத்தில், எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது?

நான்காம் கேள்விக்குத் திகதி இல்லையென்றால், பட்டியலும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் உங்கள் வட்டார உறுப்பினர் கொண்டுவரவேண்டிய பிரேரணை அதுதான். பாட்டியின் லீற்றர் அந்தப் பட்டியலில் எழுதப்படட்டும்.